1818 ராமர் காசு: பத்து லட்சமா, பத்து ரூபாயா?

12 மார்ச் 2022, மாலை (வாசகர் கேள்வி)

அருப்புக்கோட்டையில் தாத்தா வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறோம். பரணில் இருந்த மரப்பெட்டியில் ஒரு காசு கிடைத்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், கூடவே சீதை, லட்சுமணன், அனுமன். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஓரணா என்று ஆங்கிலத்தில். யூடியூபில் இதற்குப் பத்து லட்சம் வரை விலை சொல்கிறார்கள். ஒருவர் போனில் பேசினார், ஏழு லட்சம் தருகிறாராம். அரிசியை இழுக்கிறதா என்று கேட்டார். இழுத்தால் கோடிக்குப் போகுமாம். அதற்கு முன்னால் சோதனைக் கட்டணம் 18,500 அனுப்பச் சொல்கிறார். எங்கள் தாத்தா தானியக் கடை வைத்து ஊருக்கே படியளந்தவர், கண்டதை வாங்கி வைக்கிறவர் அல்ல. பணம் அனுப்பலாமா? படங்கள் நான்கு போட்டிருக்கிறேன்.

12 மார்ச் 2022, இரவு 9.40

அனுப்பாதீர்கள்.

12 மார்ச் 2022, இரவு 10.25

சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது விவரமாக.

இது கம்பெனி அடித்த காசே இல்லை. 1818-இல் கம்பெனிக்கு இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் கிடையாது. வங்காளம் ஒரு கணக்கு, பம்பாய் ஒரு கணக்கு, மதராஸ் ஒரு கணக்கு. நம் பக்கம் வராகன், பணம், காசு. ஒரு பணத்துக்கு 80 காசு. மதராஸ் மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு வந்ததே அந்த 1818-இல்தான், மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று. எல்லா மாகாணத்துக்கும் பொதுவாக ஒரே மாதிரி நாணயம் 1835 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அந்த ரூபாயில் நான்காம் வில்லியம் தலை இருக்கும். பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் புழங்கிய ஓரணா, ஓரம் வளைவு வளைவாகப் பூப்போல இருக்குமே, அது எட்வர்ட் மன்னர் காலத்துச் சரக்கு, 1907-ஐ ஒட்டி வந்தது. ஆக 1818-இல் ஓரணா அடித்து அதில் ராமரையும் வைக்கக் கம்பெனிக்கு அவசியமே இல்லை. கம்பெனிக்காரன் காசில் சாமி படம் போட்டதே கிடையாது.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண்டுக்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து, யூ கே எல். இதற்கு என்ன விரிவு என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் விரிவே இல்லை. விற்கிறவர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். எனக்கு ஒருவர் "யுனைடெட் கிங்டம் லண்டன்" என்று அடித்துச் சொன்னார். எங்கே என்று கேட்காதீர்கள், நானும் வாங்கியவன்தான். 1999, பழனி அடிவாரம், 150 ரூபாய். அன்றைக்கு என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை.

13 மார்ச் 2022, காலை

அரிசி இழுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது வேடிக்கையான விஷயம் இல்லை.

இடி விழுந்த செம்புக்கு இரிடியமாக மாறும் சக்தி உண்டு, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டுக்காரன் விண்வெளி ஆராய்ச்சிக்குக் கோடி கொடுத்து வாங்குவான் என்பது கதை. இந்தக் கதையை நம்பி நம் ஊர்க் கோயில்களில் கலசத்தைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். செம்பு இடி விழுந்தால் உருகும், கறுக்கும். இரிடியம் ஆகாது. இரிடியமே கையில் கிடைத்தாலும் அதுவும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் துகள் ஒட்டவைத்து, கீழே காந்தம் வைத்துக் காட்டுவார்கள். அப்புறம் சோதனைக் கட்டணம், விஞ்ஞானி வந்து போகும் செலவு, கதிர்வீச்சு படாமல் இருக்க உடுப்புக்கு வாடகை என்று ஒவ்வொன்றாக வரும். எந்தக் கட்டத்திலும் காசை வாங்க மாட்டார்கள், பணத்தைத்தான் வாங்குவார்கள்.

ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியும் செய்கிறார்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

13 மார்ச் 2022, மதியம்

இன்னொரு அன்பர் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் போலி என்று எழுதியிருக்கிறார். ஒட்டினால் போலி, சரி. ஒட்டாவிட்டால்? இந்த ராமர் காசு பித்தளையிலும் செம்பிலும் வருகிறது, ஒட்டாது. காந்தம் பாதி வேலைதான் செய்யும். சமையலறைத் தராசு அதைவிட உதவும். பழைய வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம், ஒரு தோலா. நாட்டு மருந்துச் சீட்டில் இன்றைக்கும் "ஒரு ரூபாய் எடை" என்று எழுதுகிறார்களே, அந்த எடைதான். பத்து கிராம் காட்டினால் பக்கத்து டீக்கடைக்குப் போய்விடலாம். தேய்ந்தாலும் அவ்வளவு தேயாது.

14 மார்ச் 2022, காலை 6.10

தூக்கம் வரவில்லை. முந்தாநாள் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. "கம்பெனிக்காரன் காசில் சாமி படம் போட்டதே கிடையாது" என்று எழுதினேன். தப்பு, நல்ல பெரிய தப்பு.

நாணயம் அடிக்கும் மதராஸ் அக்கசாலையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு இருக்கிறார். மூன்று சாமி வராகன் என்றே ஒன்று உண்டு. 1807, 1808-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் ஏழுநிலைக் கோபுரம், இரண்டு பக்கமும் நட்சத்திரங்கள். மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு, சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. ஸ்பானிஷ் டாலர் காசுகளை எடுத்து அவற்றின் மேலேயே அடித்தார்கள். சில அரை வராகன்களில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிஷ் எழுத்தின் மிச்சம் எட்டிப் பார்க்கும். ஊரில் செல்ல வேண்டுமென்றால் ஊர்க்காரன் கும்பிடுகிற முகம் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, சாமி இருப்பதால் போலி என்று இல்லை. அந்த வாதத்தை நீக்கிவிடுங்கள். மற்ற வாதங்கள் அப்படியே நிற்கின்றன. இதை நானே கண்டுபிடித்துத் திருத்தியதாக நினைக்க வேண்டாம். நேற்று இரவு பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் 2006-இல் என் கையாலேயே அரை வராகன் படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

14 மார்ச் 2022, காலை 6.30

ராமர் படம் போட்ட பழைய டோக்கன்களும் உண்மையில் உண்டு. ராமடங்கம் என்பார்கள். கோயில்களில் பூஜைக்காக, வீட்டில் வைத்துக் கும்பிடுவதற்காகச் செய்தவை. செலாவணி அல்ல. அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதுதான் இந்த 1818.

14 மார்ச் 2022, இரவு

அருப்புக்கோட்டைத் தம்பி பணம் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறார். நல்லது. அந்த ஆள் "உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாராம். 18,500 மிச்சம். அதைவிட அதிர்ஷ்டம் வேறு என்ன வேண்டும்.

ஆனால் கூடவே ஒன்று கேட்டிருக்கிறார், என் வயிற்றைக் கலக்கிவிட்டது: "பெட்டியில் இன்னும் சில பச்சைப் பிடித்த காசுகள் இருக்கின்றன, புளி போட்டு விளக்கிப் படம் எடுக்கட்டுமா?"

வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

14 மார்ச் 2022, இரவு, கொஞ்சம் கழித்து

ஏன் மூன்று தடவை என்று சொல்கிறேன். 2004-இல் கரூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் ராஜராஜன் காசு ஒன்று வாங்கினேன். அமராவதி ஆற்று மணலில் எவ்வளவோ காசு கிடைத்த ஊர் அது. செம்பு. ஒரு பக்கம் நின்றிருக்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் ஸ்ரீராஜராஜ. இந்தக் காசு அப்படி ஒன்றும் அரிதில்லை, இலங்கையில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் என்னுடையதில் ஆழ்ந்த பச்சை, கண்ணாடி போல வழவழப்பான பூச்சு. எழுத்து முழுவதும் அந்தப் பூச்சில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டு வந்தால் சாமி அலமாரியில் பளபளவென்று ஒரு செப்புத் தகடு. அம்மா. "களிம்பு ஏறிக் கிடந்ததுடா, புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் தேய்ச்சேன், பாரு எப்படி இருக்குன்னு." அப்படித்தான் இருந்தது. ஆயிரம் வருஷம் சேர்ந்தது அரை மணியில் போய்விட்டது. ராஜராஜன் இருந்த இடத்தில் ஒரு மேடு. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியுமா? வாழ்நாள் முழுக்கக் களிம்போடு சண்டை போட்டவள். களிம்பு ஏறிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் உடம்புக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரிந்த உண்மை. அதே களிம்புக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம் என்பது அவளுக்குப் பைத்தியக்காரத்தனம்.

அந்தக் காசை இன்னும் வைத்திருக்கிறேன். அம்மாவின் காசு என்று பெயர்.

சொல்ல வந்தது: பழங்காசு என்றால் வெறும் தண்ணீரில் நனைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான். தூள் தூளாக உதிர்கிற இளம்பச்சை வேறு, அது நோய், பரவும், அந்தக் காசைத் தனியாக வையுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கிற பச்சையைத் தொடாதீர்கள்.

16 மார்ச் 2022

புதுப் படங்கள் பார்த்தேன். ஒவ்வொன்றாக.

ஓட்டைக் காலணா, பன்னிரண்டு, சிவப்பு நூலில் கோத்தது. 1943 முதல் 1947 வரை வந்தது. போர்க்காலம், உலோகத் தட்டுப்பாடு, அதனால் நடுவில் ஓட்டை. கிடைக்கிற காசுதான், தனியாக எடுத்தால் பெரிய விலை இல்லை. ஆனால் அந்த நூலைப் பிரிக்காதீர்கள். அது அரைஞாண் கயிறாக இருக்கலாம். எங்கள் பக்கம் குழந்தை இடுப்பில் கட்டுவார்கள். யாருடைய இடுப்பு என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்.

வெள்ளி ரூபாய் இரண்டு. 1919 ஒன்று, 1944 ஒன்று. முதலாவதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. இரண்டாவதில் பாதிதான், 1940-லிருந்து குறைத்துவிட்டார்கள். இரண்டையும் கல்லில் தட்டிப் பார்க்கத் தோன்றும். முதலாவது கிணீர் என்னும், இரண்டாவது கொஞ்சம் அடைத்த தொண்டை. தட்டாதீர்கள், சும்மா சொன்னேன்.

1911 ரூபாய் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மார்பில் போட்டிருக்கிற சங்கிலியில் ஒரு சின்ன யானை. அந்த ஆண்டு அச்சில் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று கூச்சல் கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டு 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். தும்பிக்கை கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் விஷயம்.

16 மார்ச் 2022, இரவு

கடைசிப் படத்தை மறந்துவிட்டேன். சின்னச் செப்புக் காசு, ஒரு பக்கம் கேடயமும் கிரீடமும், மறுபக்கம் பெரிய V, அதன் இரண்டு கால்களிலும் O, C. கீழே 1780 என்று படிக்கிறேன். தம்பி எழுதியிருப்பது: "இது வ.உ.சி. கப்பல் கம்பெனிக் காசா ஐயா? தாத்தாவுக்குத் தூத்துக்குடி வியாபாரம் உண்டு."

சிரித்ததில் காபி கொட்டிவிட்டது. மன்னிக்கவும், உங்களைப் பார்த்து இல்லை. இதே கேள்வியை இருபது வருஷத்தில் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் தமிழாசிரியர். அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. அவர்கள் மொழியில் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள். வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906. டச்சுக் கம்பெனி கலைந்தது 1799. நடுவில் நூறு வருஷம் இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சிரிக்க வேண்டியதும் இல்லை. தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஆங்கிலேயரிடம் ஒரேயடியாகக் கொடுத்தது 1825-இல். அந்த முத்திரை போட்ட காசு புழங்கிய அதே துறைமுகத்தில்தான் அதே மூன்றெழுத்துக்காரர் கப்பல் விட்டார். இந்தக் காசின் டச்சுப் பெயர் டொய்ட். நம் "துட்டு" அதிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். "காசு" இங்கிருந்து போய் இங்கிலீஷ் "கேஷ்" என்பதோடு கலந்தது. கொடுத்ததும் வாங்கியதும் சரியாகிவிட்டது.

விலை? பெரிதாக இல்லை. ஆயிரம் கேட்டால் கொடுக்க ஆள் உண்டு. கொடுக்காதீர்கள்.

19 மார்ச் 2022

ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏமாந்தது அந்த 150 ரூபாய் மட்டும்தானா?"

இல்லை. ஆனால் இதை ஏமாந்தது என்று சொல்லலாமா என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

2011-இல் சென்னையில் ஒரு கண்காட்சியில் 1808-ஆம் ஆண்டு இருபது காசு வாங்கினேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் சோஹோ அக்கசாலையில் மதராஸுக்கென்று அடித்தது. ஒரு பக்கம் இரண்டு சிங்கம் தாங்கிய கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் "இருபது காசு நான்கு ஃபுலூஸ்" என்று பொருள்படும் வாசகம், கீழே ரோமன் எண்ணில் இருபது. விற்றவர் சொன்னது: "சார், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் குடத்தோடு கிடைத்தது." தேய்மானமே இல்லை. சிங்கத்தின் பிடரி மயிர் எண்ணலாம். குடத்தில் போட்டு மூடிவைத்ததால்தான் இப்படி இருக்கிறது என்று நானே எனக்குக் கதை சொல்லிக்கொண்டேன். 2,200 ரூபாய்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெரியவர், காசு சேர்ப்பதில் எனக்கு மூத்தவர், கையில் வாங்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடியே எடுக்கவில்லை. "கடல் வாசனை அடிக்குதே" என்றார். அட்மிரல் கார்ட்னர் என்று கம்பெனிக் கப்பல் ஒன்று, மதராஸுக்கு இந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளித்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். மொத்தமும் 1808. நிறைய காசு அச்சடித்த நாள் போலவே இருந்தது. அதிலிருந்து பரவியதுதான் இன்று உலகம் முழுக்க விற்கிறது. என்னுடையதில் மேல் பக்கம் மெல்லிய அரிப்பு, புள்ளி புள்ளியாக. நான் அதைச் செங்கல்பட்டு மண் என்று நினைத்திருந்தேன்.

ஆக, காசு அசல். ஆண்டு அசல். கதை மட்டும் போலி. மதராஸுக்கென்று அடித்த காசு மதராஸில் ஒரு நாள்கூடப் புழங்கவில்லை. ஒருவன் கையிலும் வெற்றிலைப் பாக்கு வாங்கவில்லை. இருநூறு வருஷம் தாமதமாக ஊர் வந்து சேர்ந்து, கண்காட்சியில் என்னிடம் செங்கல்பட்டு என்று பொய் சொன்னது. விற்றவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

வாங்கிய அன்று சந்தோஷம். தெரிந்த அன்று எரிச்சல். இப்போது அதைத்தான் வருகிறவர்களுக்கு முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.

20 மார்ச் 2022

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் கேட்டார்கள்: "அப்ப செங்கல்பட்டுக் குடத்துல கிடைச்சிருந்தா கூட விலை கொடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேன். அதற்குப் பதில் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டேன். மண்ணுக்கு அடியில் புதைந்து கிடைத்த குடம் என்றால் 1878 புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே போதும். அப்படியிருக்க நான் அதை ஆசையாக நம்பியிருக்கிறேன். தம்பி, உங்கள் பெட்டி பரணில் இருந்தது, குடும்பச் சொத்து, கவலை இல்லை. ஆனால் வீட்டைப் பிரிக்கும்போது கடைக்காலில் ஏதாவது தட்டுப்பட்டால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு முதலில் தாலுகா ஆபீசுக்குப் போங்கள். சாமி சிலை என்றால் இன்னும் கவனம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் எல்லாம் 1972 சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவை.

27 மார்ச் 2022

வேலை அதிகம். ஒன்று மட்டும். அந்த முதல் நாள் படங்களில் மூன்றாவதை இன்று மறுபடி பார்த்தேன். ராமர் காசைப் பிடித்திருக்கிற உங்கள் விரலுக்குப் பின்னால், மங்கலாக, மூலையில் ஏதோ உருளையாக இருக்கிறதே, பித்தளைப் பூண் போட்டது. அது என்ன?

28 மார்ச் 2022

தானியம் அளக்கிற படி! இதைத்தான் நீங்கள் முதலில் போட்டிருக்க வேண்டும். பெட்டியில் லட்ச ரூபாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

அடிப்பக்கம், வாய்ப்பக்கம், உள்பக்கம் மூன்றும் படம் வேண்டும். வாய் விளிம்புக்குக் கீழே சின்னச் சின்ன அச்சுக் குத்தல் இருக்கிறதா? முத்திரை. கடைப் படியைச் சோதித்துச் சரியாக இருந்தால் அதிகாரி குத்துவது. மறுபடி மறுபடி சோதிப்பார்கள் என்பதால் ஒரு படியில் வரிசையாகச் சேர்ந்திருக்கும். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளிலிருந்து படியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இவை பழைய பித்தளைக்குப் போனதுதான் அதிகம். ராமர் காசு இன்றைக்கும் எங்கேயோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை அடிக்க யாருக்கும் தோன்றாது.

எனக்குக் காசைவிட அளவைப் பாத்திரம்தான் இப்போது பைத்தியம். ஆழாக்கு, உழக்கு, உரி என்று ஏழு வைத்திருக்கிறேன். மரக்கால் ஒன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்து, பேரம் படியாமல் விட்டுவிட்டு வந்து, இன்றுவரை வருத்தம்.

30 மார்ச் 2022

இரண்டு படியா? ஒன்று முத்திரையோடு, ஒன்று முத்திரை இல்லாமல்?

சரி, ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஆழாக்கு இருக்கும் இல்லையா. தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். படிக்கு எட்டு ஆழாக்கு. அரிசி வேண்டாம். அரிசியைக் கோபுரமாகக் குவிக்கலாம், தலைதட்டலாம், கட்டைவிரலை உள்ளே விட்டு அளக்கலாம், ஆயிரம் வழி. தண்ணீரில் அந்த வேலை நடக்காது.

30 மார்ச் 2022, இரவு

முத்திரைப் படி: எட்டு. முத்திரை இல்லாத படி: எட்டரை, கொஞ்சம் கூடவே.

தம்பி, கோபப்படாதீர்கள். நெல்லும் கம்பும் விவசாயியிடம் வாங்கும்போது பெரிய படி, கடையில் விற்கும்போது சின்னப் படி. பதினாறு படி வாங்கினால் ஒரு படி சும்மா. நம் ஊர் வியாபாரத்தில் இது பழைய வித்தை. "ஊருக்கே படியளந்தவர்" என்று நீங்கள் எழுதியது வேறு இப்போது ஞாபகம் வருகிறது.

31 மார்ச் 2022

கோபப்பட்டுவிட்டார். நியாயம்தான். தாத்தா கோயிலுக்கு நிலைக்கதவு செய்து போட்டவர், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர் என்று நீளமாக எழுதியிருக்கிறார். இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் செய்ததும் செங்கல்பட்டுக் குடக்காரர் செய்த வேலைதான். பொருளைப் பார்த்தவுடன் அதற்கு ஒரு கதையைக் கட்டிவிட்டேன்.

படி ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி வேறு, தெற்கே வேறு, ஒரே தாலுகாவில் இரண்டு சந்தைக்கு இரண்டு படி இருந்திருக்கிறது. அந்தப் பெரிய படி வேறு ஊர்ச் சந்தைக்காக வைத்ததாக இருக்கலாம். தூத்துக்குடி வியாபாரம் என்று வேறு சொன்னீர்கள். முத்திரை இல்லாததற்கு, வீட்டுப் புழக்கத்துக்கு மட்டும் வைத்திருந்தார்கள் என்பதும் போதுமான காரணம். வீட்டுப் படியை யாரும் முத்திரை குத்தக் கொண்டுபோக மாட்டார்கள். முந்தாநாள் எழுதியதை முழுசாக வாபஸ் வாங்குகிறேன்.

31 மார்ச் 2022

முந்தாநாள் இல்லை, நேற்று.

9 ஏப்ரல் 2022

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். கோபம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டை போய் அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் காட்டினாராம். தொண்ணூறு வயது நெருங்குகிறது, கண் மங்கல், கையால் தடவிப் பார்த்தே சொன்னார்களாம்.

ராமர் காசு: "ராமேஸ்வரம் போனப்ப பஸ்டாண்டுல ஒருத்தன் வித்தான். ரெண்டு ரூவா. வேணாம்னேன், கேக்கல." எந்த வருஷம் என்று கேட்டதற்கு, "உங்கப்பன் எட்டாப்பு படிக்கிறப்ப."

ஓட்டைக் காலணா நூலைக் கையில் கொடுத்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்களாம். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். கேட்காதீர்கள்.

அப்புறம் படி. இரண்டையும் முன்னால் வைத்து, எது எதற்கு என்று மட்டும் கேட்டிருக்கிறார். வேறு எதுவும் சொல்லவில்லை, என் பெயரையும் எடுக்கவில்லை. அப்பத்தா முத்திரைப் படியின் வாயைத் தடவிவிட்டு, "இது கடையில இருக்கிறது." மற்றதைத் தடவிவிட்டு, "அது களத்துக்குக் கொண்டுபோறது."

அவ்வளவுதான் சொன்னார்களாம். அதற்கு மேல் தம்பி கேட்கவில்லை.

10 ஏப்ரல் 2022

இரண்டையும் விற்பதாக இருந்தால் தனித்தனியாக விற்க வேண்டாம். விற்காமல் இருந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் ஒட்டியிருக்கிற பழைய தூசியைத் துடைக்காதீர்கள், அதில் கம்பு உமி கிடக்கிறது என்று படத்தில் தெரிகிறது. புளி வேண்டாம். கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு செங்கல் வாங்கிக்கொள்ளுங்கள்.